பழம்பெரும் நகரின் மையம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பழம்பெரும் நகரம் ஒன்றின் வரைபடத்தில் நகரமைப்பு அலுவலகம் இழுக்கும் எல்லைக்கோடு, தாளில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருப்பதில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு உள்ளே அகப்பட்ட வீட்டின் உரிமையாளர் ஒரு ஜன்னலை மாற்றுவதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம். கோட்டுக்கு வெளியே உள்ள அடுத்த வீட்டுக்காரரோ தம் வீட்டை முழுவதுமாக இடித்துவிட்டுப் பல மாடிக் கட்டடம் எழுப்பலாம். பழுதுபார்ப்பு மானியம், வரிச்சலுகை, வாகனக் கட்டுப்பாடு, கட்டட உயரம், பெயர்ப்பலகையின் அளவு என்று எத்தனையோ முடிவுகள் அந்தக் கோட்டை நம்பியே எடுக்கப்படுகின்றன. இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் கோடு ஏன் அந்த இடத்தில் போடப்பட்டது என்று கேட்டால், தெளிவான விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை. மையத்தின் எல்லை மண்ணில் தயாராகக் கிடப்பதில்லை. ஏதோ ஒரு நோக்கத்துக்காக மனிதர்கள் தீர்மானிப்பது அது. அந்த நோக்கம் எது என்பதை முதலில் சொல்லாமல் கோட்டை மட்டும் போட்டுவிடுவதுதான் பல நகரங்களில் பின்னால் எழுந்த சிக்கல்களுக்கு வேர் என்பது என் கருத்து.

எளிதில் கைக்கு எட்டும் விடை கோட்டை மதில். மதிலுக்கு உள்ளே இருப்பது பழைய நகரம், வெளியே இருப்பது புதியது என்று சொல்லிவிட்டால் விவாதம் முடிந்துவிடும். மதில் இடிக்கப்பட்ட நகரங்களிலும் அதன் தடம் சுற்றுச்சாலையாகவோ பூங்காவாகவோ எஞ்சியிருப்பதால், கோடு போடுபவருக்கு வேலை இன்னும் சுலபமாகிறது. போலந்தின் கிராக்கோவில் மதிலும் அகழியும் இருந்த இடத்தில் மரங்கள் அடர்ந்த பூங்கா வளையம் இருக்கிறது. வியன்னாவில் ரிங்ஸ்ட்ராஸே என்ற சுற்றுச்சாலை இருக்கிறது. பெய்ஜிங்கில் இரண்டாம் வட்டச்சாலை இருக்கிறது. ஆனால் மதில் எதற்காகக் கட்டப்பட்டது என்று பார்த்தால் இந்த விடையின் உறுதி தளரத் தொடங்கும். படையெடுப்பைத் தடுக்கக் கட்டிய மதில் வேறு, சுங்கம் வசூலிக்கக் கட்டிய மதில் வேறு. பாரிஸில் 1780-களில் எழுந்த மதிலுக்குப் பகைவரோடு தொடர்பே இல்லை. நகருக்குள் வரும் சரக்குகளுக்கு வரி வசூலிக்கவே அது கட்டப்பட்டது. வியன்னாவின் வெளிச்சுற்று அரண் 1704-இல் பாதுகாப்புக்காக எழுந்து, பிற்காலத்தில் வரி வசூலிக்கும் கோடாக மாறிப்போனது. மக்களின் வாழ்க்கையும் வணிகமும் எதுவரை பரவியிருந்தன என்பதை அளந்து யாரும் இவற்றைக் கட்டவில்லை.

ரோம் நகரம் இந்தச் சிக்கலை மற்ற எந்த நகரத்தையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. பண்டைய ரோமில் நகரின் எல்லை என்று ஒன்றல்ல, பல இருந்தன. பொமேரியம் எனப்பட்ட புனித எல்லை மதிலோடு ஒட்டிச் செல்லவில்லை. அதற்குள் பிணங்களைப் புதைக்கக் கூடாது. படைத்தலைவர் தம் படை அதிகாரத்தோடு அதைக் கடந்து உள்ளே வரக் கூடாது. ஏழு குன்றுகளில் ஒன்றான அவென்டைன், மதிலுக்கு உள்ளே இருந்தபோதிலும், கி.பி. முதல் நூற்றாண்டில் பேரரசர் கிளாடியஸ் விரிவாக்கும்வரை இந்தப் புனித எல்லைக்கு வெளியிலேயே இருந்தது. கிளாடியஸ் அப்போது நட்ட எல்லைக் கற்களில் ஒன்று 2021-இல் அகஸ்டஸின் கல்லறை மண்டபத்தை அடுத்து நடந்த பணியில் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. கி.பி. 271-இல் தொடங்கப்பட்ட ஆரேலியன் மதில் ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளம் கொண்டது. இன்று பலரும் பழைய ரோமின் எல்லை என்று சுட்டுவது அதைத்தான். ஆனால் பேரரசு வீழ்ந்த பிறகு மக்கள்தொகை சுருங்கி, டைபர் ஆற்றின் வளைவை ஒட்டி மக்கள் நெருங்கி வாழ, மதிலுக்குள் பெரும் பரப்பு திராட்சைத் தோட்டங்களாகவும் வெற்று நிலமாகவும் பல நூற்றாண்டுகள் கிடந்தது. ரோம் இத்தாலியின் தலைநகரான பிறகு, 1880-களில், அந்தத் தோட்டங்களை அழித்தே புதிய குடியிருப்புகள் எழுந்தன; வில்லா லுடோவிசியின் புகழ்பெற்ற தோட்டம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது அப்படித்தான். ஆக, மதிலுக்குள் இருப்பதனாலேயே ஒரு தெரு பழையதாகிவிடாது. தூய பவுல் பேராலயம் மதிலுக்கு வெளியே இருப்பதனாலேயே அதை நகரின் வரலாற்றிலிருந்து பிரித்துவிடவும் முடியாது. 1980-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ரோமின் மையப்பகுதி, 1990-இல் எட்டாம் உர்பன் என்ற போப்பாண்டவர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய மதில்வரை விரிவாக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில் எல்லை நகர்ந்ததற்குக் காரணம், எதைப் பாதுகாக்க வேண்டும் என்ற தீர்ப்பு மாறியதே.

மதிலை நம்பியதால் விடுபட்டுப்போனவற்றுக்கு டமாஸ்கஸ் வலிமிகுந்த எடுத்துக்காட்டு. 1979-இல் பட்டியலில் சேர்க்கப்பட்ட பழைய நகரம் மதிலுக்கு உட்பட்ட பகுதி. ஆனால் அந்த நகரம், இடைக்காலத்தில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகளின் காலத்திலேயே மதிலைத் தாண்டி வளர்ந்துவிட்டது. வடமேற்கில் சரூஜா, தெற்கே மெக்காவுக்குச் செல்லும் ஹஜ் பாதையை ஒட்டி நீண்ட மிதான் ஆகிய புறநகர்கள் பல நூற்றாண்டுப் பழைமை உடையவை. பயணிகளின் தேவைகளையும் தானிய வணிகத்தையும் தாங்கியவை. கோட்டுக்கு வெளியே நின்றதால் அவற்றுக்கு அதே பாதுகாப்பு கிடைக்கவில்லை. கிராக்கோவில் இதற்கு நேர்மாறான முடிவு எடுக்கப்பட்டது. 1335-இல் நிறுவப்பட்டுப் பல நூற்றாண்டுகள் தனி நகரமாகவே இயங்கிய காசிமியேஷ், 1978-இல் கிராக்கோவின் வரலாற்று மையத்தின் பகுதியாகவே பட்டியலில் இடம்பெற்றது. யூத மக்களின் நீண்ட வாழ்க்கைக்குச் சாட்சியான அந்தப் பகுதியை, மதில் வேறு என்று சொல்லி ஒதுக்கியிருந்தால் கிராக்கோவின் வரலாறு பாதிதான் சொல்லப்பட்டிருக்கும்.

மதிலை விட்டுக் காலத்தை அளவுகோலாகக் கொள்வது இரண்டாவது வழி. குறிப்பிட்ட ஓர் ஆண்டுவரை கட்டப்பட்ட பரப்பு எதுவோ அதுவே மையம் என்பது இதன் தருக்கம். மெக்சிகோ நகரம் இதைத் துணிச்சலாகச் செய்தது. 1978-இல் மின்வாரியத் தொழிலாளர்கள் தெருவைத் தோண்டியபோது அஸ்டெக்குகளின் கொயோல்ஷௌக்கி தெய்வம் செதுக்கப்பட்ட மாபெரும் வட்டக்கல் அகப்பட்டது. காலனிய நகரத்துக்கு அடியில் இன்னொரு தலைநகரம் உறங்குவதை அது எல்லோருக்கும் நினைவூட்டியது. 1980-இல் குடியரசுத் தலைவரின் ஆணை சுமார் 9 சதுர கிலோமீட்டர் பரப்பை வரலாற்றுச் சின்ன மண்டலமாக அறிவித்து, அதை இரு வளையங்களாகப் பிரித்தது. உள்வளையம் அஸ்டெக் நகரமும் சுதந்திரம்வரையிலான ஸ்பானிய நகரமும் பரவியிருந்த பகுதி; வெளிவளையம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை நகரம் வளர்ந்த பகுதி. ஒரே கோடு போடாமல் இரண்டு கோடுகளைப் போட்டு, ஒவ்வொன்றும் எந்தக் காலத்தைக் குறிக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொன்னது இந்த ஆணையின் பெருமை. எதிர்த்து வாதிட விரும்புபவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கிறது.

ஆயினும் எந்த ஆண்டில் நிறுத்துவது என்பது மறுபடியும் மனிதர் எடுக்கும் முடிவுதான். பழைமை மிகுந்ததே மையம் என்ற எண்ணத்தை ஆம்ஸ்டர்டாம் தலைகீழாக்கியது. 2010-இல் அங்கே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 17-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கால்வாய் வளையம். அதைவிடப் பழைய இடைக்கால நகரம், பட்டியலில் சேர்ந்த இடத்துக்கு அரணாக அதைச் சுற்றி வகுக்கப்படும் சுற்றுக்காப்பு மண்டலத்தில்தான் வைக்கப்பட்டது. நகரத் திட்டமிடலில் கால்வாய் வளையம் படைத்த சாதனையைப் போற்றுவது நோக்கம் என்பதால் அந்தக் கோடு பொருந்துகிறது. ஆம்ஸ்டர்டாமின் தொடக்கத்தைக் காப்பது நோக்கமாக இருந்திருந்தால் அதே கோடு பெரும் பிழையாகியிருக்கும்.

புவியியலாளர்கள் மூன்றாவதாக ஒரு வழியை முன்வைத்தார்கள்: கட்டடத்தின் வயதைப் பார்க்காமல், அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்பது. 1954-இல் ரேமண்ட் மர்ஃபி, ஜேம்ஸ் வான்ஸ் ஆகிய இருவரும் அமெரிக்காவின் ஒன்பது நகரங்களை ஆராய்ந்து, மைய வணிகப் பகுதியை வகுக்க ஒரு முறையைத் தந்தார்கள். ஒவ்வொரு கட்டடத் தொகுதியிலும் வணிகப் பயன்பாட்டில் உள்ள தளப்பரப்பை அளந்து, அது மொத்தத் தளப்பரப்பில் பாதிக்குக் குறையாமலும் தரைப்பரப்பின் அளவுக்குக் குறையாமலும் இருந்தால் அந்தத் தொகுதி மையத்தில் சேரும். மண்டலம் இடைவெளியின்றித் தொடர வேண்டும் என்பதும் நிபந்தனை. அளக்கக்கூடிய, எவரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய முறை என்ற வகையில் இதற்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் குடியிருப்பும் வழிபாட்டிடமும் பள்ளியும் அரசு அலுவலகமும் மைய வணிகப் பயன்பாடாக எண்ணப்படுவதில்லை. பழம்பெரும் நகரங்களில் மையத்தை மையமாக்கியவை பெரும்பாலும் அவைதாம். பேராலயத்தையும் நகரமன்றத்தையும் கடைக்கு மேலே குடியிருந்த குடும்பத்தையும் எண்ணிக்கையில் சேர்க்காத ஓர் அளவுகோல், வணிக நகரத்துக்குப் பொருந்தினாலும் இங்கே பொருந்தாது.

மக்களிடமே கேட்டுவிடலாமே என்றும் ஆய்வாளர்கள் முயன்றிருக்கிறார்கள். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில், நகர மையம் எது என்று வழிப்போக்கர்களை வரைபடத்தில் வரையச் சொன்ன ஆய்வு 2003-இல் வெளியானது. நடுப்பகுதியில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். விளிம்பில் ஒருவர் கோடு இன்னொருவர் கோட்டோடு ஒட்டவில்லை. மக்கள் மனத்தில் மையத்துக்குத் திண்ணமான கரு உண்டு, கூரான விளிம்பு இல்லை. சட்டத்துக்கோ கூரான விளிம்புதான் வேண்டும். இந்த இடைவெளியை எந்தக் கணக்கெடுப்பும் நிரப்பிவிட முடியாது.

எனக்கு மிகவும் நம்பத்தகுந்ததாகத் தோன்றுவது, நகரின் உருவத்தையே படிக்கும் முறை. கட்டடங்கள் விழும், எழும். தெருக்களின் போக்கு அவற்றைவிட நீண்ட காலம் நிலைக்கும். மனைகளின் எல்லைகளும் அவ்வாறே, பல வேளைகளில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். குறுகிய முகப்பும் நீண்ட பின்புறமும் கொண்ட மனைகள் வரிசையாக நெருங்கி நிற்கும் இடம் ஒன்று, அகலமான சதுர மனைகள் நேர்த்தெருக்களில் பரவிய இடம் இன்னொன்று என்று பார்த்தாலே, நகரம் வேறு காலத்துக்குள் நுழைந்த இடம் புலப்படும். பழைய நில அளவை வரைபடங்கள் இதற்குப் பெருந்துணை. ஆஸ்திரியப் பேரரசில் 1817-இல் தொடங்கி 1861வரை நடந்த நில அளவை, பெரும்பாலும் 1:2880 என்ற அளவில் ஒவ்வொரு மனையையும் பதிவு செய்தது. கல்லால் கட்டிய வீடு ஒரு நிறம், மரத்தால் கட்டியது வேறு நிறம் என்று பிரித்துக் காட்டியது. அந்தத் தாளை இன்றைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கும் ஒருவர், எந்த மனை பிளந்தது, எது இணைந்தது, எந்தச் சந்து மறைந்தது என்பதை விரல் வைத்துக் காட்ட முடியும்.

இந்த முறையை அறிவுத்துறையாக வளர்த்தவர்களில் புவியியலாளர் எம்.ஆர்.ஜி. கோன்சன் முதன்மையானவர். இங்கிலாந்தின் ஆல்னிக் என்ற சிறுநகரை மனை மனையாக ஆராய்ந்து 1960-இல் அவர் வெளியிட்ட முடிவுகளில், விளிம்பு வளையம் என்ற கருத்து எல்லை வகுப்பவருக்கு இன்றும் உதவுகிறது. நகரின் வளர்ச்சி சில காலம் தேங்கி நிற்கும்போது, அதன் ஓரத்தில் நிறைய இடம் தேவைப்படும் அமைப்புகள் வந்து அமர்கின்றன: மடங்கள், மருத்துவமனைகள், கல்லறைகள், படைமுகாம்கள், தோட்டங்கள். பின்னர் நகரம் அவற்றைத் தாண்டி வளர்ந்துவிட்டாலும், நெருக்கமான தெருக்களுக்கு நடுவே அகன்ற மனைகளின் வளையமாக அவை எஞ்சுகின்றன. மதிலே இல்லாத நகரங்களிலும் பழைய மையத்தின் ஓரம் இப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் அந்த வளையத்தைக் கோட்டுக்கு உள்ளே வைப்பதா வெளியே விடுவதா என்ற கேள்வி எஞ்சும். உள்ளே வைப்பதே சரி என்பேன். நகரம் ஒரு காலத்தில் இங்கே நின்றது என்பதற்கு அந்தத் திறந்த நிலம்தான் சான்று, வெளியே விட்டால் கட்டட நிறுவனங்கள் முதலில் தேடி வருவதும் அதைத்தான். இஸ்தான்புல்லில் நிலப்பக்கத்தைக் காத்த பழைய தியோடோசிய மதிலை ஒட்டி நெடுங்காலமாகக் காய்கறி விளைந்த தோட்டங்களை, பாரம்பரியமாக மதிக்காமல் வெறும் காலி மனையாகப் பார்த்ததன் விளைவாக, 2013-இல் அவற்றின் ஒரு பகுதி மண் கொட்டி மூடப்பட்டது.

இத்தாலி இந்த வழியில் வெகு முன்னதாகவே நடந்தது. 1960-இல் கூப்பியோ நகரில் கூடிய கட்டடக் கலைஞர்களும் நகரமைப்பாளர்களும், தனித்தனிச் சின்னங்களை மட்டும் காப்பது போதாது, வரலாற்று மையம் முழுவதும் ஒன்றாகக் கருதப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். 1968-இன் அமைச்சக ஆணை, ஒவ்வொரு நகராட்சியின் திட்டத்திலும் வரலாற்றுத் தன்மை கொண்ட பகுதியை ‘ஏ’ மண்டலமாகக் குறிக்கும் முறையைக் கொண்டுவந்து, அதனோடு பிரிக்க முடியாதபடி இணைந்த சுற்றுப்பரப்பையும் அதில் சேர்த்தது. அடுத்த ஆண்டே போலோன்யா நகரம் தன் மையத்துக்கான திட்டத்தை வகுத்தது. அங்கே வீடுகளின் அமைப்பு வகைகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். 1973-இல் இன்னும் ஒரு படி சென்று, பழைய வீடுகளைப் புதுப்பிப்பதைப் பொது வீட்டுவசதித் திட்டத்தோடு இணைத்தார்கள். கோட்டுக்குள் விலை ஏறி, பழைய குடிகள் வெளியேற நேர்வதை முன்கூட்டியே கண்டுகொண்ட திட்டம் அது. எல்லை வகுப்பவர்கள் கல்லையும் காரையையும் மட்டும் பார்த்து, அங்கே வாழ்பவர்களை மறந்துவிடும் வழக்கத்துக்கு இடையில் போலோன்யாவின் அக்கறை தனித்து நிற்கிறது.

இனி, கோடு மண்ணில் இறங்கும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனெனில் நல்ல ஆய்வுகூட இங்கேதான் வீணாகிறது. வரைபடத்தில் வசதியாக இருப்பதால் எல்லையைத் தெருவின் நடுவே போட்டுவிடும் பழக்கம் பரவலாக உள்ளது. தெரு என்பது ஒரு கூடம் மாதிரி. எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களும் சேர்ந்தால்தான் கூடம். நடுவே கோடு போனால், கிழக்கு வரிசையில் இரண்டு மாடிப் பழைய வீடுகள் அப்படியே நிற்க, மேற்கு வரிசையில் ஒவ்வொன்றாக இடிபட்டு உயரக் கட்டடங்கள் வரும். காப்பாற்றப்பட்ட வரிசைக்கு வெயிலும் காற்றும் குறையும். அந்த வீட்டுக்காரர் தம் எதிர்வீட்டுக்காரருக்குக் கிடைத்த வாய்ப்பு தமக்கு மறுக்கப்பட்டதாக உணர்வார், அவர் அப்படி உணர்வதில் நியாயமும் உண்டு. ஆகவே கோடு தெருவின் இரு பக்கங்களையும் உள்ளடக்கி, மனைகளின் பின்புற எல்லையை ஒட்டிச் செல்ல வேண்டும். சதுக்கமானால் அதன் எல்லாப் பக்கங்களும் உள்ளே வர வேண்டும். நகர வாயில் இருந்தால் வாயிலோடு நிறுத்தாமல், அதற்கு வெளியே சந்தையாகவும் சத்திரமாகவும் வளர்ந்த சாலையையும் சேர்க்க வேண்டும்.

ஆறு இருந்தால் இரு கரைகளும் கணக்கில் வர வேண்டும் என்பதைக் கொலோன் நகரம் சிரமப்பட்டுக் கற்றது. பேராலயம் ரைன் நதியின் இடக்கரையில் நிற்கிறது. எதிர்க்கரையான டாய்ட்ஸில் உயரக் கட்டடங்கள் திட்டமிடப்பட்டபோது, அந்தக் கரையில் பாதுகாப்பு மண்டலமே இருக்கவில்லை. 2004-இல் பேராலயம் ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் வைக்கப்பட்டது. உயரங்கள் குறைக்கப்பட்ட பிறகே, 2006-இல் அதிலிருந்து நீக்கப்பட்டது. கண்ணுக்குப் படும் தொலைவையும் எல்லையாக்க வேண்டும் என்ற எண்ணம் பிரான்ஸில் இதற்கு வெகு முன்பே சட்டமாகியிருந்தது. 1943-இன் சட்டம் ஒவ்வொரு பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றியும் 500 மீட்டர் ஆரத்துக்குள், அதனோடு சேர்ந்து பார்வையில் படும் கட்டட வேலைகளைக் கட்டுப்படுத்தியது. வட்டத்துக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஆனால் யாருக்கும் சலுகை காட்டாத வட்டம் என்பதாலேயே அது பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. 2016-இன் சட்டம் இடத்துக்கு ஏற்ப வரையப்படும் எல்லைக்கு முன்னுரிமை தந்தது. அப்படி வரையப்படாத இடங்களில் 500 மீட்டர் வட்டம் தொடர்கிறது. இது அறிவார்ந்த ஏற்பாடு: கவனமாக வரைபவருக்குச் சுதந்திரம், வரையாமல் விடுபவருக்கு இயல்பாகவே ஒரு காவல்.

சுற்றுக்காப்பு மண்டலங்களும் பார்வைக் கோணங்களும் இப்படிப் பெருகிய பிறகு, மையம் என்ற கருத்தே தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. யுனெஸ்கோ 2011-இல் ஏற்ற பரிந்துரை, வரலாற்று மையம் என்ற வரையறையைத் தாண்டி, நில அமைப்பு, திறந்தவெளிகள், சமூக வழக்கங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய வரலாற்று நகர நிலக்காட்சியாக நகரைப் பார்க்கச் சொன்னது. புரிந்துகொள்வதற்கு இது சரியான பார்வை. ஆனால் அனுமதி கேட்டு வரும் ஒருவருக்கு, உங்கள் வீடு இந்த விதிக்குள் வருகிறது அல்லது வரவில்லை என்ற விடையைத் தந்தாக வேண்டும். எல்லையே இல்லாத பாதுகாப்பில் அந்த விடை அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும். செல்வாக்கு உள்ளவருக்கே அது சாதகமாக முடியும். கோடு தேவைதான், ஒன்றுக்கு மேற்பட்டுத் தேவை. உயரக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று, மண்ணுக்கடியில் உள்ள தொல்லெச்சங்களுக்கு ஒன்று, வாகனக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று, குடியிருப்பவர்களைக் காக்கும் மானியத்துக்கு ஒன்று என்று இருந்தால், எல்லாப் பாரத்தையும் ஒரே கோட்டின் மீது ஏற்ற வேண்டியிராது.

அந்தக் கோடுகளைத் திருத்துவதற்கும் ஒழுங்கு வேண்டும். காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஏழு நினைவுச்சின்னத் தொகுதிகள் 1979-இல் பட்டியலில் சேர்ந்தன. கட்டுப்பாடற்ற கட்டட வளர்ச்சியால் மரபான வீடுகள் பெருமளவு மறைந்தபோது, 2003-இல் அது ஆபத்துப் பட்டியலுக்குப் போனது. 2006-இல் எல்லைகள் திருத்தி வகுக்கப்பட்டன, அடுத்த ஆண்டு ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது. எஞ்சியதையாவது உறுதியாகக் காக்க அது தேவையான முடிவாக இருந்திருக்கலாம். ஆனால் அழிந்த இடத்தை வெளியே தள்ளிக் கோட்டைத் திருத்தும் வழக்கம் ஒருமுறை ஏற்கப்பட்டால், விளிம்பில் வீடு வைத்திருப்பவருக்கு அது தவறான செய்தியைச் சொல்லும்: இடித்துவிட்டால் கோடே விலகிப்போகும் என்று. எனவே எந்த எல்லைத் திருத்தத்தோடும், முந்தைய கோடு எங்கே இருந்தது, அதற்குள் எவையெல்லாம் இருந்தன, எவை எந்த ஆண்டில் யாருடைய அனுமதியோடு மறைந்தன என்ற பதிவும் வரைபடத்தோடு வெளியிடப்பட வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் வரும் திருத்தத்தை நகரமன்றம் ஏற்கக் கூடாது.